கோர் பல, பேஜ் டேபிள் ஒன்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சிக்கோட்டில் போர்டு வேலை பார்ப்பவர்கள், வாளையாறு தாண்டி கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர்) பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்று எங்கள் வட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும், கலப்புக் கோர் சிப்புகளில் (கோர் என்றால் புராசசருக்குள் தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதி) மெமரி மேப்பிங் எப்படி ஓடுகிறது என்பதில் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாய்வலிக்கச் சொல்வதை விட எழுதிவைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ், அதிலும் ஆர்ம் 64 பிட். மற்றவை நடுவில் வரும்.

அண்ணா, எல்லாக் கோரும் ஒரே சிப்புலதானே இருக்கு, அப்புறம் என்ன கலப்பு?

ஒரே சிப்புதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு டிசைன். ஆர்ம் நிறுவனம் 2011இல் பிக்.லிட்டில் என்று அறிவித்ததிலிருந்து கைபேசிச் சிப்புகளில் இது வழக்கமாகிவிட்டது. கனமான வேலைக்குப் பெரிய கோர், பேட்டரி மிச்சம் பிடிக்கச் சின்ன கோர். ஆர்கே3399 என்ற சிப்பில் இரண்டு கார்டெக்ஸ் ஏ72, நான்கு ஏ53. ஆர்கே3588இல் நான்கு ஏ76, நான்கு ஏ55. கம்ப்யூட்டர் பக்கம் இன்டெல் 2021இல் ஆல்டர் லேக்கில் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது.

வேகம் மட்டும் வேறுபட்டால் அது எந்த வேலை எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஸ்கெட்யூலரின் கவலை, நமக்கு அதில் வேலை இல்லை. மெமரியைப் பார்க்கும் விதத்திலேயே இரண்டு கோரும் வேறுபடும்போதுதான் நம் கேள்விகள் ஆரம்பிக்கின்றன.

மெமரி மேப்பிங்னா எம்மேப் கால் மட்டும்தானுங்களா?

எம்மேப் என்பது புரோகிராம் கர்னலிடம் நீட்டும் விண்ணப்பம், அவ்வளவுதான். "இந்தக் கோப்பை, இல்லையென்றால் இவ்வளவு வெற்று மெமரியை, என் அட்ரஸ் வெளியில் காட்டு" என்கிறது. கர்னல் அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. புரோகிராம் அந்த அட்ரஸை முதல்முறை தொடும்போது பேஜ் ஃபால்ட் வருகிறது, அதாவது கோர் நின்று கர்னலைக் கூப்பிடுகிறது. அப்போதுதான் பேஜ் டேபிளில், அதாவது புரோகிராமின் அட்ரஸ் ரேமில் எங்கே என்று பக்கம் பக்கமாகச் சொல்லும் பட்டியலில், உண்மையான பதிவு ஏறுகிறது.

அந்த டேபிளைப் படிப்பது கர்னல் இல்லை, கோருக்குள் அட்ரஸை மொழிபெயர்க்கும் எம்எம்யு. படித்ததை டிஎல்பி என்ற சின்ன கேஷில் வைத்துக்கொள்ளும். அதாவது டேபிளை எழுதுவது ஒருவர், படிப்பது ஹார்டுவேர். எழுதும் வடிவம் படிப்பவருக்குப் புரிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அப்ப ஒவ்வொரு கோருக்கும் அதுக்குப் புரியற மாதிரி தனி டேபிள் கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சே?

எல்லாரும் கேட்கும் நல்ல கேள்வி. ஒரு பிராசஸில் பத்து த்ரெட் இருந்தால் பத்துக்கும் ஒரே அட்ரஸ் வெளி, ஒரே டேபிள். அதில் இரண்டு பெரிய கோரில் ஓடும், மற்றவை சின்ன கோரில் ஓடும், அடுத்த சில மில்லிசெகண்டில் இடம் மாறும். தனித்தனி டேபிள் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாப் பிரதியிலும் எழுத வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும், பூட்டுகள் பெருகும். ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு எல்லாக் கோரின் டிஎல்பியையும் துடைப்பதே இன்றைக்கும் செலவான வேலை. ஆர்மில் அதற்கு ஹார்டுவேரே ஒளிபரப்பும் கட்டளை உண்டு, எக்ஸ்86 லினக்ஸில் வழக்கமாக ஒரு கோர் மற்றதைத் தட்டி எழுப்பித்தான் துடைக்கச் சொல்லும். இதற்கு மேல் பிரதிகளும் சேர்ந்தால் தாங்காது.

வேலந்தாவளம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு ஒரே நோட்டீஸ் அடிக்கிறோம் என்று வையுங்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்றால் நோட்டீஸ் தமிழில்தான் இருக்க வேண்டும், இரண்டும் படிக்கத் தெரிந்தவர்களும் அதையேதான் படிக்க வேண்டும். பேஜ் டேபிளும் அப்படித்தான்.

எந்தக் கோருக்கு என்ன வரும்னு கர்னலுக்கு எப்படித் தெரியும்?

ஆர்மில் ஒவ்வொரு கோரிலும் தனக்கு என்ன வரும் என்று சொல்லும் அடையாள ரிஜிஸ்டர்கள் (கோருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்கள்) உண்டு. மெமரி சம்பந்தப்பட்டவற்றில் எந்தப் பேஜ் அளவுகள் வரும், பிசிகல் அட்ரஸ் எத்தனை பிட், பிராசஸை அடையாளம் காட்டும் ஏஎஸ்ஐடி எண் 8 பிட்டா 16 பிட்டா என்றெல்லாம் இருக்கும். கர்னல் ஒவ்வொரு கோர் எழும்போதும் இவற்றைப் படித்து, ரிஜிஸ்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் (ஒரு தகவலைச் சொல்லும் பிட்டுத் தொகுப்பு) ஒரு விதியின்படி சேர்த்து, "மொத்த மெஷினுக்கும் பாதுகாப்பான மதிப்பு" என்று ஒன்றை உருவாக்கும். சில புலத்துக்குச் சிறியது பாதுகாப்பு, சிலவற்றுக்குப் பெரியது, சிலவற்றில் எல்லாரும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டிய புலம் ஒத்துப்போகாவிட்டால் லாகில் "சானிட்டி செக்" என்று எச்சரிக்கை வரும், கர்னலும் தன்மேல் "எஸ்" என்ற களங்க எழுத்தைக் குத்திக்கொள்ளும். அந்த எழுத்தைப் பார்த்தால் சும்மா கடந்து போகாதீர்கள்.

உதாரணமாக ஏ53க்கு பிசிகல் அட்ரஸ் 40 பிட், ஏ72க்கு 44 பிட். இரண்டும் சேர்ந்த ஆர்கே3399இல் கேவிஎம் (லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் வசதி) மாதிரி இடங்களில் 40தான் கணக்கு. அந்தச் சிப்பில் ரேமே 4 ஜிபி வரைதான் என்பதால் யாரும் இதற்காகக் கண்ணீர் விட்டதில்லை.

இன்னொன்று, பயனர் புரோகிராம் நேராக இந்த அடையாள ரிஜிஸ்டரைப் படிக்கப் போனால் கர்னல் நடுவில் பிடித்து, அந்தச் சேர்த்த மதிப்பைத்தான் கொடுக்கும். கோர் மாறினாலும் பதில் மாறக் கூடாது என்பதற்காக.

ஒரு கோர் பின்தங்கினா மொத்த மெஷினும் பின்தங்கணுமா? அநியாயமா இருக்கே!

எப்போதும் இல்லை. பழைய கோர் புரியாத பிட்டைப் பார்த்தால் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது அது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தில் யாராவது எழுதினார்களா என்று கர்னலுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் அதை டிஸ்க்குக்குத் திருப்பி எழுதலாம். புதிய ஆர்ம் கோர்களில் ஹார்டுவேரே இதைக் குறிக்கும், டிபிஎம் என்பார்கள். பழைய கோரில் அது இல்லை. கர்னல் பதிவை இப்படி எழுதும்: "படிக்க மட்டும்" என்று ஒரு பிட், கூடவே "இது உண்மையில் எழுதக்கூடியது" என்று டிபிஎம் பிட். புதிய கோர் எழுதப் போனால் டிபிஎம்மைப் பார்த்து, அந்தப் படிக்க-மட்டும் பிட்டைத் தானே நீக்கிவிட்டு எழுதிக்கொள்ளும். பழைய கோர் டிபிஎம் பிட்டைக் கண்டுகொள்ளாது, படிக்க-மட்டும் என்று நினைத்து ஃபால்ட் அடிக்கும், கர்னல் வந்து அதே மாற்றத்தைக் கையால் செய்யும். டேபிள் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான், பழைய கோரில் கொஞ்சம் தாமதம், அவ்வளவே. அதனால் லினக்ஸ் இந்த வசதியை வரும் கோரில் மட்டும் ஓட விடுகிறது, எல்லாரிடமும் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பக்கத்தைத் தொட்டதைக் குறிக்கும் ஆக்சஸ் ஃபிளாகும் இதே வகைதான்.

ஆக, தெரியாத கோர் ஃபால்ட் அடித்துக் கர்னலிடம் வந்து நின்றால் கலந்து ஓட்டலாம். ஃபால்ட் அடிக்காமல் தவறாகப் படித்துக்கொண்டு போகும் என்றால் அந்த வசதியை மெஷின் முழுக்க மூட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோரையே வெளியே நிறுத்த வேண்டும்.

சேட்டா, 16 கே பேஜ் கர்னல் போட்டா ஸ்பீடு கூடுமாமே, என் போர்டுல பூட்டே ஆகல?

என்ன போர்டு என்று முதலில் பாருங்கள். ஏ53, ஏ72 இரண்டுக்கும் 4, 64 கிலோபைட் பேஜ்தான் வரும், 16 வராது. ஆகவே ஆர்கே3399இல் அந்தக் கர்னல் எழவே எழாது. ஏ55, ஏ76க்கு மூன்றும் வரும் என்பதால் ஆர்கே3588இல் போடலாம்.

பேஜ் அளவு டேபிளின் அடிப்படை வடிவம். மேலே சொன்ன ஃபால்ட் வித்தை இங்கே செல்லாது, 16 கிலோபைட் டேபிளை வராத கோரிடம் கொடுத்தால் அது எதையும் சரியாகப் படிக்காது. பூட் கோருக்கு வந்து பின்னால் எழும் கோருக்கு வராவிட்டால், அந்தக் கோர் எம்எம்யுவைத் திறக்கும் முன்பே நின்றுவிடும், லாகில் "இந்தக் கோருக்கு 16கே வராது" என்ற பொருளில் ஒரு வரி வரும். மற்ற கோர்கள் ஓடும்.

ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்ட்ராய்டு 15இலிருந்து 16 கிலோபைட் பேஜ் ஆதரவு உண்டு, அதைக் குறிவைக்கும் ஆப்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் ப்ளே ஸ்டோர் அதைக் கட்டாயமாக்கியது. எம்மேப் ஆஃப்செட்டில் 4096 என்று கையால் எழுதியிருந்தால் பேஜ் அளவைக் கர்னலிடம் கேட்டு வாங்கும்படி மாற்றுங்கள்.

52 பிட் அட்ரஸ்னு சொல்றாங்களே, அது இருந்தும் எம்மேப் எனக்கு 48க்கு உள்ளேயே தருது, ஏன்?

வேண்டுமென்றுதான். 48 பிட் என்றால் 256 டெராபைட், 52 என்றால் 4 பெட்டாபைட். ஆர்ம் லினக்ஸில் பயனர் பக்கத்துக்கு 52 பிட் 5.0 கர்னலில், 2019இல், முதலில் 64 கிலோபைட் பேஜோடு வந்தது. ஆனால் பாயின்டரின் மேல் பிட்டுகள் காலிதானே என்று அங்கே சொந்தத் தகவலைச் செருகிவைக்கும் புரோகிராம்கள் ஏராளம். அவை உடையாமல் இருக்க, எம்மேப் அழைக்கும்போது நீங்களே 48 பிட்டுக்கு மேல் ஒரு அட்ரஸைக் குறிப்பாகக் கொடுத்தால்தான் கர்னல் அங்கே இடம் தரும். எக்ஸ்86இல் ஐந்து அடுக்கு டேபிள், 57 பிட், 2017இல் 4.14 கர்னலில் வந்தபோதும் இதே ஏற்பாடுதான், அங்கே எல்லை 47.

கலப்புக் கோர் விஷயத்தில் இதுவும் பேஜ் அளவு மாதிரியே. பூட் கோர் 52 என்று முடிவு செய்துவிட்டால், வராத கோர் வெளியே நிற்கும்.

விஷன்ஃபைவ் 2 டிவைஸ் ட்ரீல அஞ்சு கோர் இருக்கு, லினக்ஸ்ல நாலுதான் தெரியுது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லை, பாவம் அவரை விட்டுவிடுங்கள். விஷன்ஃபைவ் 2 ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டு, அதன் ஜேஹெச்7110 சிப்பில் நான்கு யு74, கூட ஒரு எஸ்7. எஸ்7 என்பது கண்காணிப்புக் கோர், அதற்கு எம்எம்யுவே கிடையாது, லினக்ஸ் ஓடத் தேவையான சூப்பர்வைசர் மோடும் கிடையாது. போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயிலேயே அதை முடக்கியதாக எழுதியிருப்பார்கள். அதனால்தான் சிபியு விவரக் கோப்பில் புராசசர் 0 என்பதற்குப் பக்கத்தில் ஹார்ட் 1 (ஹார்ட் என்றால் ஹார்டுவேர் த்ரெட், இங்கே கோர் என்றே வையுங்கள்) என்று வருகிறது, ஹார்ட் 0 என்பது அந்த எஸ்7. 2018இல் வந்த ஹைஃபைவ் அன்லீஷ்ட் போர்டிலும் இதே கதை, அங்கே ஒரு இ51, நான்கு யு54.

அதே கோப்பில் எம்எம்யு என்ற வரியில் எஸ்வி39 என்று இருக்கும். ரிஸ்க்-ஃபைவில் 39, 48, 57 என்று மூன்று முறைகள். வராத முறையை சாட்ப் என்ற ரிஜிஸ்டரில் எழுதினால் அது எழுதியதாகவே எடுத்துக்கொள்ளாது. ஆகவே கர்னல் பூட் சமயத்தில் பெரியதிலிருந்து எழுதிப் பார்த்து, திரும்பப் படித்து, ஏற்றுக்கொண்டதோடு போகிறது. கேட்பதை விடச் செய்துபார்ப்பது நல்லது என்று நினைத்தவர்கள் போல.

32 பிட் ஆப் சில கோர்ல மட்டும்தான் ஓடுமாமே, அது எப்படி?

ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1இல் ஒரு எக்ஸ்2, மூன்று ஏ710, நான்கு ஏ510. இதில் 32 பிட் கட்டளைகள் ஏ710க்கு மட்டும் வரும். இங்கே ஒரு நுணுக்கம்: டேபிள் எல்லாக் கோருக்கும் படிக்க வரும், மேப்பிங்கில் கோளாறு எதுவும் இல்லை. மேப் செய்த பக்கத்துக்குள் இருக்கும் கட்டளைதான் சில கோருக்குப் புரியாது.

வழக்கமான விதிப்படி "எல்லாருக்கும் வரவில்லை, ஆகவே யாருக்கும் இல்லை" என்று கர்னல் 32 பிட்டையே மறுத்துவிடும். லினக்ஸ் 5.15இல் கட்டளை வரியில் ஒரு ஆப்ஷன் வந்தது, பொருந்தாத 32 பிட்டை அனுமதி என்று. அதைப் போட்டால், ஒரு பிராசஸ் 32 பிட் புரோகிராமை எக்ஸெக் செய்யும் நேரத்தில் அதன் அஃபினிட்டியை, அதாவது எந்தெந்தக் கோரில் ஓடலாம் என்ற பட்டியலை, கர்னல் தானே சுருக்கி, வரும் கோர்களுக்குள் பூட்டிவைக்கும். எவை என்று சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பில் காட்டும். தப்பித்தவறி வராத கோரில் போய் விழுந்தால் கொன்றுவிடும். 32 பிட் வரும் கோர்களில் முதலில் கண்டதை ஆஃப்லைன் செய்ய முயன்றால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பவை எங்கே போகும்?

டாஸ்க்செட் போட்டுப் பெரிய கோர்லயே கட்டிட்டா, அந்தக் கோரோட வசதி முழுசும் கிடைக்குமில்ல?

வேகம் கிடைக்கும், வசதி கிடைக்காது. கர்னல் மெஷின் முழுக்க மூடியது மூடியதுதான், நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும். ஆல்டர் லேக்கின் பெரிய கோருக்கு ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுப்பு தெரியும், சின்னதுக்குத் தெரியாது, கடைசியில் இன்டெல் அதை மூடிவிட்டது. அது மெமரி விஷயம் இல்லை, ஆனால் தர்க்கம் அதேதான்.

நடுவழி ஒன்று உண்டு. பாயின்டரின் டேகும் மெமரியின் டேகும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் எம்டிஇ என்ற மெமரி டேக் வசதியை எம்மேப் செய்யும்போது ஒரு கொடியாகக் கேட்கலாம். அந்த வசதி எல்லாக் கோருக்கும் இருந்தால்தான் கர்னல் அதைத் தரும். ஆனால் டேக் தப்பானால் உடனே பிடிப்பதா, கொஞ்சம் தாமதித்துப் பிடிப்பதா, படிப்பதில் ஒருவிதம் எழுதுவதில் ஒருவிதமா என்பதை ஒவ்வொரு கோருக்கும் தனியாக விருப்பம் வைக்கலாம், ஏனென்றால் சின்ன கோரில் மலிவாக இருக்கும் முறை பெரிய கோரில் விலை அதிகமாக இருக்கலாம். புரோகிராம் எனக்கு இரண்டும் சரி என்று சொல்லிவைத்தால், எந்தக் கோரில் இருக்கிறதோ அதற்கேற்ற முறையைக் கர்னல் எடுக்கும்.

ஜிட் வெச்ச ஆப் எப்பவாவதுதான் க்ராஷ் ஆகுது, கோடு சரியாத்தான் இருக்கு. இதுவும் கலப்புக் கோர் வேலையா?

இருக்கலாம், முன்பு நடந்திருக்கிறது. எக்ஸினோஸ் 8890இல் சாம்சங்கின் சொந்தப் பெரிய கோருக்குக் கேஷ் வரி (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 128 பைட், ஏ53க்கு 64. ஜிட் என்றால் ஓடும்போதே கட்டளைகளை உருவாக்குவது, அதற்கு மெமரியை மேப் செய்து, கோடு எழுதி, கேஷைத் துடைத்துவிட்டு ஓட வேண்டும். 2016இல் .நெட் புரோகிராம்களை ஓட்டும் மோனோ ரன்டைம் கேஷ் வரி அளவை முதலில் ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டது. அப்போது பெரிய கோரில் இருந்தால் 128. அப்புறம் த்ரெட் சின்ன கோருக்கு மாறித் துடைக்கும்போது 128, 128 ஆகத் தாவும், ஒன்றுவிட்டு ஒரு வரி துடைக்கப்படாமல் பழைய கட்டளையோடு கிடக்கும். பெரும்பாலான நேரம் ஓடும், எப்போதாவது செத்துவிழும். இப்படிப்பட்ட பூச்சியைப் பிடிப்பதற்குள் ஆள் பாதியாகிவிடுவார்.

இப்போது லினக்ஸ் இந்த அளவு கோருக்குக் கோர் வேறுபடுவதைக் கண்டால், அந்த ரிஜிஸ்டரைப் படிப்பதையே நடுவில் பிடித்து எல்லாக் கோருக்கும் பாதுகாப்பான சின்ன அளவைத் தருகிறது. அடையாள ரிஜிஸ்டர் கேள்வியில் சொன்ன அதே தந்திரம்.

இன்டெல்லுல இந்தத் தலைவலியே இல்லைங்கறாங்களே?

குறைவு, ஏனென்றால் அவர்கள் இரண்டு வகைக் கோரிலும் ஒரே வசதிப் பட்டியல் இருக்கும்படி முன்பே வெட்டிவிடுகிறார்கள். ஆனாலும் 2023இல் ஆல்டர் லேக், ராப்டர் லேக்கில் ஒன்று வந்தது. பிசிஐடி (ஆர்மின் ஏஎஸ்ஐடி மாதிரி எக்ஸ்86இல் பிராசஸை அடையாளம் காட்டும் எண்) இயங்கும்போது, ஒரு பக்கத்தின் டிஎல்பி பதிவைத் துடைக்கும் கட்டளை எல்லாப் பிராசஸுக்கும் பொதுவான குளோபல் பதிவுகளைச் சரியாகத் துடைக்காமல் விடலாம் என்பதுதான் கோளாறு. லினக்ஸ் அந்தச் சிப்புகளில் எந்தக் கோர் என்று பிரித்துப் பார்க்காமல் பிசிஐடியையே மூடியது. பிசிஐடி இல்லாவிட்டால் பிராசஸ் மாறும்போது டிஎல்பியை அதிகம் துடைக்க வேண்டும், கொஞ்சம் வேகம் போகும். பிறகு மைக்ரோகோடு திருத்தம் வந்தது.

பூட்டுல ரெண்டு கோர் மட்டும் எழுப்பி, மிச்சத்தை அப்புறம் ஆன்லைன் பண்ணா சிலது வரமாட்டேங்குது. ஏன்?

எழுந்த கோர்களை வைத்துக் கர்னல் தன் வசதிப் பட்டியலை முடிவு செய்துவிடுகிறது, தன் கோடையே அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. கோர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஆப்ஷன் போட்டு நீங்கள் பெரிய கோரை மட்டும் எழுப்பியிருந்தால், பட்டியல் பெரிய கோரின் அளவுக்கு நீளமாக இருக்கும். பிறகு வரும் சின்ன கோருக்கு அதில் ஒன்று இல்லையென்றால் "முரண்பாடு" என்று லாகில் சொல்லி அந்தக் கோரைத் திருப்பி அனுப்பும். ஏஎஸ்ஐடி அளவு சிறியதாக இருந்தால் இன்னும் கோபமாக, நேராக பேனிக்கே, அதாவது கர்னல் மொத்தமாக நின்றுவிடும். ஆகவே முதல் பூட்டில் எல்லாக் கோரையும் எழ விடுங்கள், வேண்டாததை அப்புறம் ஆஃப்லைன் செய்யுங்கள். ஒருமுறை எழுந்த கோர் பட்டியலில் கணக்கில் சேர்ந்துவிட்டது, திரும்ப வருவதில் சிக்கல் இல்லை.

கார்டெக்ஸ் எம்4, ஜிபியு இதெல்லாமும் இதே டேபிளைப் படிக்குமா?

எம்4 என்ற மைக்ரோகன்ட்ரோலர் கோர் படிக்காது, அதற்கு எம்எம்யு இல்லை. எஸ்டிஎம்32எம்பி1 மாதிரிச் சிப்பில் டிவைஸ் ட்ரீயில் ஒரு பிசிகல் துண்டை ஒதுக்கிவைத்து, இரண்டு பக்கமும் அதன் வழியே பேசும். அங்கே பாயின்டரை அனுப்பாதீர்கள், ஆஃப்செட்டை அனுப்புங்கள்.

ஜிபியு மாதிரிச் சாதனங்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த டேபிள், சொந்த எம்எம்யு. ஆனால் பிராசஸின் டேபிளையே சாதனமும் படிக்கும் ஏற்பாடு உண்டு. ஆர்மின் எஸ்எம்எம்யு (சாதனங்களுக்கான எம்எம்யு) டிரைவர் அதற்கு முன் பேஜ் அளவு, அட்ரஸ் பிட்டுகள், ஏஎஸ்ஐடி அளவு எல்லாம் கோர்கள் பயன்படுத்துவதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் பகிர்வு கிடையாது, தனி மேப்பிங்தான். அப்படி மறுத்தால் அப்ளிகேஷனைச் சந்தேகிக்கும் முன் கர்னல் எந்தப் பேஜ் அளவில் கட்டப்பட்டது என்று பாருங்கள்.